இடுப்புக் கயிறு

"கொக்கியைக் கழட்டுடா. மூணு மாசம் ஆச்சு," என்றாள் அக்கா.

"இன்னும் ஒரு வாரம் குடுக்கா. தடியன் இன்னும் கோழியையேதான் பாத்துக்கிட்டு இருக்கான்."

தம்பியின் இடுப்பு பெல்ட்டில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு வெள்ளை நாய். அதுதான் தடியன். உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கவலையெல்லாம் தம்பிக்குத்தான்.

"பதினோரு மணிக்கு ஆட்டுப் பண்ணைக்காரர் வர்றாரு. அவர் முன்னாடி அவுத்து விடணும்."

"இவன் கோழி மேல பாஞ்சுட்டா?"

"அவரு கூட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் ஆயுசுக்கும் சங்கிலிதான்," என்று சொல்லிவிட்டு, தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், மனைவி கதவைச் சாத்திய மறுநாள், ஒரே ஒரு பையோடு இந்தக் கோழிப் பண்ணைக்கு வந்து நின்றவன் அவன். இருபது வருஷம் லாரி ஓட்டிய கை, டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. லைசென்ஸ், வேலை, குடும்பம் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் குடித்துத் தீர்த்திருந்தான்.

அக்கா திட்டவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியம். மூன்றாம் நாள் எங்கிருந்தோ இந்த நாயைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"முன்னாடி இருந்த எடத்துல அஞ்சு கோழியைக் கடிச்சுப் போட்டுச்சாம். இதைக் கோழியோட பழக்கிக் குடு. ஒரே கண்டிஷன். கயிறு உன் இடுப்பை விட்டு எறங்கக் கூடாது. நீ கண்ணை எடுத்தா ஒரு கோழி காலி, இதுக்கும் ஆயுசுக்கும் சங்கிலி."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூணு மாசம். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. நீ பதறினா அதுவும் பதறும்."

அறிவுரை கேட்பதைவிட நாய் மேய்ப்பது தேவலை என்று ஒப்புக்கொண்டான். அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

விடிந்ததும் கொட்டகையைக் கூட்ட வேண்டும். தண்ணீர்த் தட்டைக் கழுவ வேண்டும். கோழிகளுக்குத் தீனி போட்டு, அவை தின்று முடித்த பிறகுதான் தடியனுக்குச் சோறு. நாய் ஒரு கோழியை வெறித்துப் பார்த்தால், பேசாமல் திரும்பி வேறு பக்கம் நடக்க வேண்டும். சேவல் சிறகடித்துப் பாய்ந்தால், நாய் அமைதியாகப் படுக்கும்வரை பக்கத்திலேயே உட்கார வேண்டும். அரை நாள் உட்கார்ந்தே போனது. கோபம் வந்தால் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டான். நாய்க்காகத்தான்.

முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், தொண்டை வறண்டு கால் தன்னால் கேட்டுப் பக்கம் நடந்தது. முக்கு திரும்பினால் கடை. ஆனால் கேட்டை நெருங்கியதும் தடியன் தரையில் சப்பென்று படுத்துவிட்டான். தம்பி இழுத்தான், கெஞ்சினான். பீரோவை நகர்த்துவதுகூட அதைவிடச் சுலபம்.

கொக்கியைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். கை கொக்கி வரை போனது. அதற்குள் ஒரு கோழியைக் கடித்துவிட்டால்? வாயில்லா ஜீவனுக்கு ஆயுசுக்கும் சங்கிலி. தடியனின் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பினான்.

அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அப்படி நடந்தது. அப்புறம் கால் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பதினோரு மணிக்கு வேன் வந்து நின்றது. நரைத்த மீசையோடு ஆட்டுப் பண்ணைக்காரர் இறங்கினார். அக்காவும் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். அவருக்கு வணக்கம் சொல்லக்கூடத் தோன்றாமல் தம்பி கொக்கியில் கை வைத்தான்.

"டேய் தடியா, என் மானத்தைக் காப்பாத்துடா," என்று அதன் காதில் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

நாய் நேராகக் கோழிக் கூட்டத்துக்குள் போனது. சேவல் ஒரு கொத்துக் கொத்தியது. நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுவில் போய்ப் படுத்தது. ஒரு குஞ்சு அதன் முன்னங்காலில் ஏறி நின்று, அங்கேயே எச்சம் போட்டது.

"பாத்தீங்களாய்யா! தேறிட்டான்!" தம்பி பண்ணைக்காரரிடம் ஓடினான். "இவனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. இனிமே ஒரு கோழி செத்தா நான் ஜவாப்தாரி!"

பண்ணைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யாரு தேறினது? எங்க வாத்தியாரா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் தடியன் துள்ளி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடினான்.

"ஆறு வருஷமா எங்க பட்டியில ஆட்டுக்குட்டியையும் கோழிக்குஞ்சையும் காவல் காக்கிறவன் தம்பி இவன். ஒத்தக் கோழிமேல பல்லு பட்டதில்ல. புதுசா வர்ற நாய்க்குட்டி அடங்கலைன்னா, இவனோட சேத்துக் கயித்துல கட்டிடுவோம். இவன் காவலை விட்டு நகர மாட்டான், அதனால அதுவும் எங்கயும் ஓட முடியாது. மூணு மாசத்துல தன்னால வழிக்கு வந்துடும். அதுக்குத்தானே உங்க அக்கா இவனை இரவல் கேட்டாங்க, வீட்ல ஒண்ணு அடங்காமத் திரியுதுன்னு."

அவர் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எங்கம்மா அந்தக் குட்டி? தேறிடுச்சா?"

தம்பியின் கை மெதுவாகப் போய், இடுப்பில் தொங்கிய கொக்கியைத் தொட்டது.

"தேறிடுச்சுங்க," என்றாள் அக்கா, தம்பியைப் பார்த்தபடி.