மூழ்கிய கப்பலின் மாவு

"அக்கா, கயிறு அசையுதா?"

"அசைஞ்சா சொல்ல மாட்டேனா? நீ துடுப்பைப் பாரு!" என்று தம்பி நிகீதாஸிடம் எரிந்து விழுந்தாள் ஃபோதினி.

கயிற்றின் மறுமுனை அவள் கணவன் பாண்டெலிஸின் இடுப்பில் இருந்தது. சீக்கிரம் ஆழம் போகத் தட்டைக்கல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கடலடியில் கிடந்த இத்தாலியச் சரக்குக் கப்பலுக்குள் போயிருந்தான் அவன். போன மாதம்தான் விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்திருந்தன.

கடற்பஞ்சு எடுக்கும் படகில் பெண்கள் ஏறினால் ஆகாது என்பது அந்தக் கிரேக்கத் தீவின் வழக்கம். ஆனால் தீவு இத்தாலியர் பிடியில் சிக்கி, போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய அந்தக் குளிர்காலத்தில், கயிறு பிடிக்கத் தெம்புள்ள ஆம்பளை யார் மிச்சமிருந்தான்?

"கப்பலைத் தொட்டா சுடுவோம்னு இத்தாலிக்காரன் எழுதி ஒட்டியிருக்கான்கா."

"வீட்டுல தெஸ்பினா கிடக்குற கோலத்தைப் பார்த்தியா? எழுந்து உட்காரக்கூட முடியலடா என் பொண்ணால. காட்டுக்கீரையை வேகவெச்சுக் கொடுத்தே கொன்னுடச் சொல்றியா?"

"அதுக்கில்லக்கா. கடல்ல ஊறின மாவை எப்படித் திங்கிறது?"

"போன வருஷம் ஒரு கப்பல் மூழ்கினப்போ நீ அல்பேனியாவுல சண்டை போட்டுக்கிட்டிருந்தே, உனக்கென்ன தெரியும்? தண்ணி பட்ட மாவு வெளியே ஓடு மாதிரி இறுகிடும். உள்ளே சொட்டு ஈரம் போகாது. ஊரே அதைத்தான் தின்னு பிழைச்சுது. உன் அத்தான் நேத்து முங்கித் தடவிப் பார்த்துட்டார். மூட்டையெல்லாம் அதே மாதிரி இறுகித்தான் கிடக்காம்."

கயிறு அசையவில்லை. ஃபோதினி அதை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் தாங்க மாட்டாரே... இழுத்திடட்டுமா?"

"சைகை வராம இழுக்காதே! இடுக்குல எங்கேயாவது மாட்டிக்குவார்."

"மாதாவே, மாவுகூட வேண்டாம், அவரைக் கொடுத்துடு" என்று முணுமுணுத்தாள்.

வெடுக்கென்று கயிறு இழுபட்டது. இருவரும் வெறிபிடித்தவர்கள் போல் இழுத்தார்கள். மூக்கில் ரத்தம் ஒழுக மேலே வந்த பாண்டெலிஸ், "இன்னொரு கயித்துல மூட்டையைக் கட்டிட்டேன், இழுங்க!" என்று மூச்சிரைத்தான்.

மூட்டை படகுக்குள் விழுந்த அதே நேரம், பாறைக்குப் பின்னாலிருந்து காவல் படகு வந்து நின்றது. அதில் துப்பாக்கியோடு ஒரே ஒரு இத்தாலியச் சிப்பாய்.

பாண்டெலிஸ் கைகளைத் தூக்கினான். பிறகு மூட்டையைக் காட்டி, மகளின் உயரத்தை இடுப்பளவுக்குக் காட்டி, வாயில் உணவு வைப்பது போல் சைகை செய்தான்.

சிப்பாய் மூட்டையின் கிழிசலில் தெரிந்ததைக் கத்தியால் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்தான். மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பையிலிருந்து ஒரு முழு ரொட்டியை எடுத்து ஃபோதினியின் மடியில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

கரையேறியதும் நிகீதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சரியான பைத்தியக்காரன்கா! மூட்டை நிறைய மாவு வெச்சிருக்கிறவங்களுக்குப் போய் ரொட்டி தர்றான்!"

ஃபோதினியும் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

வீட்டு வாசலிலேயே பாண்டெலிஸ் கோடரியை ஓங்கிப் போட்டான். ஓடு உடைந்தது. இன்னும் ஓங்கிப் போட்டான். பொறி பறந்தது. உள்ளே மாவே இல்லை; மூட்டையின் நடுமையம் வரைக்கும், பீரங்கி மேடை கட்ட வந்த சிமெண்ட் ஒரே பாறையாக இறுகிப்போயிருந்தது.

மூட்டையைச் சுரண்டிப் பார்த்த அந்தச் சிப்பாய் எதற்காக ஒன்றும் சொல்ல மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று அப்போதுதான் புரிய, ஃபோதினி அவன் கொடுத்த ரொட்டியைப் பிய்த்து மகளின் வாயில் வைத்தாள்.