மறுப்பு முத்திரை

‘பழைய காகிதம்’ என்று எழுதியிருந்த கண்டெய்னரைத் திறந்ததும் ரத்தம் காய்ந்த பஞ்சும் ஊசிகளும் சரிந்து காலடியில் விழுந்தன. சுங்க அதிகாரி தணிகாசலம் மூக்கைப் பொத்தியபடி தன் அறைக்கு ஓடிவந்தார். கப்பல் கம்பெனி ஆளும் பின்னாலேயே வந்தான். பதினேழு வருஷமாக அவர் தொடாத முத்திரையை இழுப்பறையிலிருந்து எடுத்து, மையில் ஒற்றி, சரக்குத் தாளில் ஓங்கிக் குத்தினார். ‘அனுமதி இல்லை’ என்று விழவில்லை. வெறும் நீலக் கட்டம்தான் விழுந்தது. திருப்பிப் பார்த்தார். ரப்பர், மழித்த கன்னம் போல வழவழவென்றிருந்தது.

“ரெஜினா, இதுல இருந்த எழுத்தெல்லாம் எங்கம்மா?”

அடுத்த மேஜையில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டோர் பொறுப்பாளர் ரெஜினா தலைநிமிரவில்லை. “எந்தச் சரக்கையும் திருப்பி அனுப்பக் கூடாதுங்கற அந்த உலக வர்த்தக ஒப்பந்தத்துல நம்ம நாடு கையெழுத்துப் போட்ட அன்னிக்கே செதுக்கி எடுத்துட்டாங்க சார். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“அப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

கப்பல் கம்பெனி ஆள் தாளை எடுத்து ஈர மையை வாயால் ஊதிக் காயவைத்தான். “வெறும் கட்டம் விழுந்தா சம்மதம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு சார். ரொம்ப நன்றி.”

வெளியே கிரேன் அடுத்த கண்டெய்னரை இறக்கிக்கொண்டிருந்தது. ‘முடியாது’ என்று கத்த தணிகாசலம் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. ரெஜினா அப்போதுதான் தலைநிமிர்ந்து, திகைத்துப்போய், வழவழவென்றிருந்த அவர் நாக்கையே பார்த்தாள்.