சீட்டுக்கு அடியில்

வண்டியின் சீட்டைத் தூக்கியதும் ஷேக் மைதீனின் கை நேராக அந்தப் பெட்ரோல் டேப்பில் போய் நின்றது. திறந்துதான் இருந்தது.

ஒரு தடவை மூடினான். மறுபடி திறந்தான். அன்றைக்கு இப்படித் திறந்தோமா என்று கையையே கேட்டுப் பார்த்தான். கைக்கும் ஞாபகம் இல்லை.

பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஞானையா அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே வாழை போட்டிருப்பவர். வண்டி அவருடையது. ஐம்பது வயதான பெட்ரோல் ஜீப், வாழைத்தார் ஏற்றுவதற்காகப் பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப் ஆக்கியது. கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வைக்க வேண்டும் என்று கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

மேலப்பாளையத்து மெக்கானிக்குகள் சிரித்தார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்கள். ஷேக் மைதீன் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்து நான்கு மாதமாகிறது.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கே போய் இந்த வண்டிக்குப் பெட்ரோல் ஃபில்டர் மாற்றினான். ஃபில்டரைத் தொடுவதற்கு முன்னால், டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதை அடைக்கிற இந்த டேப்பை மூட வேண்டும். முடிந்ததும் திறக்க வேண்டும். மெக்கானிக் கைக்கென்றே இருக்கிற டேப் அது. ஓட்டுகிறவருக்கு அதன் நினைப்பே வராது.

வேலை முடிகிற நேரத்தில் அண்ணாச்சியின் மனைவி பெர்சிஸ் அக்கா டீ ஆறிப்போகிறது என்று கூப்பிட்டார். அவசரமாக ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தான். எடுத்தது. நிறுத்திவிட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

டேப்பைத் திறந்தானா?

மூடிக் கிடந்தாலும் வண்டி எடுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் கிடக்கிற பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும். அப்புறம் நின்றுவிடும்.

மறுநாள் விடியற்காலையில் பெர்சிஸ் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. அண்ணாச்சி அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். ஊரைத் தாண்டியதும் வாய்க்கால் பாலத்தில் வண்டி நின்றது. ஆம்புலன்ஸ் வந்தபோது அக்காவுக்கு மூச்சில்லை.

அடக்கத்துக்கு ஷேக் மைதீனும் போயிருந்தான். குழியில் மண் போட அண்ணாச்சி குனிந்தபோது அவர் உள்ளங்கைகளைப் பார்த்தான். இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி உரிந்த கைகள். பழைய கார்புரேட்டர் கழுத்தறுத்துவிட்டது என்று ஊரே பேசியது. அவனும் ஆமாம் என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

இப்போது ஒரே ஓர் ஆறுதல் கிடைத்திருக்கிறது. டேப் திறந்திருக்கிறது. வேறு யார் திறந்திருக்கப் போகிறார்கள்? அப்படியானால் அன்று திறந்துவிட்டுத்தான் டீக்குப் போயிருக்கிறோம்.

அண்ணாச்சியைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்பதும் ஒன்றுதான், ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சு குற்றம் உண்டா இல்லையா என்று தெரியாமலே நான்கு மாதமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

கார்புரேட்டரைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். உள்ளே அடைப்பு இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே பிரித்தான்.

சுத்தமாக இருந்தது. ஒரு தூசி இல்லை.

அடைப்பு தானாகவே விலகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். விலகாது என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டான்.

டேங்குக்குள் கரண்ட் பம்ப் இறங்கியது. புது லைன் ஓடியது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டர் உட்கார்ந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் கையகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. பழைய லைனோடு டேப்பும் வெளியே வந்து விழுந்தது.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் வேலை முடிந்தது. அண்ணாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். சோக் இழுக்கவில்லை, ஆக்ஸிலேட்டரை மிதிக்கவில்லை. ஒரே திருப்பில் எடுத்தது.

"இதுல மூடித் தெறக்க டேப்பு ஒண்ணும் கெடையாதுல்லா, மைதீன்?"

"இல்ல அண்ணாச்சி. சாவியத் திருப்பினாப் போதும்."

அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார்.

"நல்லது வே. சீட்டத் தூக்கிப் பாக்கணும்னு அன்னைக்கு அரைமணி நேரமா எனக்குத் தோணவே இல்ல. எல்லாம் முடிஞ்ச பொறவு தூக்கிப் பாத்தா மூடிக் கெடக்கு. நாந்தான் தெறந்தேன்."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். நான்கு மாதமும் தெரிந்தே இருந்திருக்கிறார். தெரிந்தே இவனைத் தேடி வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார்.

ஷேக் மைதீன் கீழே கிடந்த பழைய டேப்பைக் குனிந்து எடுத்தான்.

பழைய கார்புரேட்டர் இருந்திருந்தால், வண்டி போடுகிற கூச்சலில் காதில் விழவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இப்போது அவன் கைப்பட மாற்றிய வண்டி அதிகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கியரைப் போடாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.