மினுக்கம்

"மாமன் கண்ணிலை கத்தி வைச்சுப்போட்டுப் படுத்திருக்கிறார். மருமகள் இஞ்சை காரை மினுக்கிறா!"

வேலிக்கு அங்கால் நின்று குணலட்சுமி சொன்னது ஊருக்குக் கேட்டதோ இல்லையோ, கீர்த்திகாவுக்குக் கேட்டது. அவள் நிமிரவில்லை. பொலிஷ் படாமல் இருக்க, காரின் குரோம் ஓரங்களில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கார் என்றால், சீவரத்தினத்தாரின் கறுப்பு ஒஸ்ரின். கோப்பாயில் முப்பது வருசம் ஹயர் ஓடின வாடகைக் கார். அவருக்கு இப்போது கண் ஒப்பரேசன் முடிந்து, உடுப்பிட்டியில் மகள் வீட்டில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறார். இன்று செவ்வாய்.

குணலட்சுமி படலையைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். கொட்டிலுக்கு வெளியே நின்ற காரின் முன்மூடியை, அந்தப் பொனற்றைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

கறுப்பைக் காணவில்லை. சாம்பல் பூத்துக் கிடந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்.

"ஐயோ பிள்ளை, உதென்ன கோலம்? அண்ணை பின்னேரம் பின்னேரம் கைக்குழந்தையைத் துடைக்கிற மாதிரித் துடைச்ச காரெல்லே!"

"பிழையான சாமான் போட்டுத் தேய்ச்சது, அக்கா."

"அதுதானே பாத்தன்! தெரியாத வேலைக்குள்ளை என்னத்துக்குக் கையை விட்டனி? மனிசன் கண் வெளிச்சு வந்து உதைப் பாத்தால் நெஞ்சு வெடிச்சுப் போவாரெல்லே?"

"அதுதான் அக்கா என்ரை பயமும். அவர் பாக்கிறதுக்கு முதல் முடிக்கவேணும்."

"ஓ! செய்த களவை மறைக்கிறாய்!"

கீர்த்திகா போனைக் கையில் எடுத்தாள். பழைய காரை மினுக்கும் விதம் காட்டும் வீடியோவை நான்காம் தரமாக ஓடவிட்டாள். அவள் வாழ்க்கையில் காருக்குப் பொலிஷ் போட்டதேயில்லை.

கழுவினாள். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும் என்று உடனேயே ஒற்றி எடுத்தாள். துணி ஒன்று கை தவறி நிலத்தில் விழுந்தது. அதை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதுத்துணி எடுத்தாள்.

"ஏன், அதுக்கென்ன வந்தது?"

"ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் காணும் அக்கா, புதுக்கீறல் விழும்."

கடலையளவு பொலிஷ் எடுத்து, பொனற்றின் மூலையில் கையகல இடத்தில் பூசினாள்.

"முழுக்கப் பூசன்!"

"முதல் கொஞ்ச இடத்திலை பாக்கவேணுமாம்."

நெடுக்காக மெல்லத் தேய்த்தாள். பிறகு குறுக்காக. துணி கறுத்துக்கொண்டு வந்தது.

"பெயின்ற் கழலுது! விடடி, விடு!"

கீர்த்திகா கையை இன்னும் இலேசாக்கினாள். பெயின்ற் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்துவிட்டது. அழுத்தினால் தகரம்தான். பழைய பெயின்ற் துணியில் ஒட்டும், பயப்பிடத் தேவையில்லை என்று போன் சொன்னது. போனுக்கென்ன, சொல்லும்.

வேறு துணியால் துடைத்தாள்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

அந்தக் கையகல இடத்துக்குள் வானம் கிடந்தது. முகில் ஒன்று ஊர்ந்து வந்து, ஓரத்துச் சாம்பலைத் தொட்டதும் காணாமற் போனது.

குணலட்சுமி தன் விரலை நீட்டினாள். தொடாமலே எடுத்துவிட்டாள்.

"என்ன மாயமடி இது," என்றாள் மெதுவாக. பிறகுதான் தான் எதற்கு வந்தது என்று ஞாபகம் வந்தது போல, "எண்டாலும் செய்தது பிழைதான். அண்ணை வரட்டும், நான் சொல்லாமல் விடமாட்டன்," என்றுவிட்டுப் போனாள்.

மூன்று நாள். கையகலம் கையகலமாக வானம் பெருத்தது.

வெள்ளி பத்து மணிக்கு ஓட்டோ வந்து நின்றது. மகன் சுதாகரன் கைபிடித்து இறக்கினான். சீவரத்தினத்தார் கறுப்புக் கண்ணாடியோடு நேரே காருக்குத்தான் வந்தார். குணலட்சுமியும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். பொனற்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"சுதா... முகட்டிலை காகம் ஒண்டு இருக்குது."

"கூரையைப் பாக்காமலே எப்பிடித் தெரியும், அப்பா?"

"பொனற்றுக்குள்ளை இருக்கடா!"

மேலே பார்த்தார். மெய்யாகவே காகம் இருந்தது. திரும்பக் குனிந்தார். அங்கேயும் இருந்தது. அதன் சொண்டுகூடத் தெரிந்தது. பனை தலைகீழாக நின்றது, ஓலை ஓலையாக எண்ணலாம்.

"அப்பனே முருகா! இவ்வளவும் உதுக்குள்ளையே இருந்தது?" குரல் உடைந்தது. "ஆறு மாசம் தேய் தேயெண்டு தேய்ச்சன். எவ்வளவு தேய்ச்சும் மங்கலாய்த்தான் தெரிஞ்சுது. கை விழுந்துபோச்செண்டு உள்ளுக்குள்ளை செத்துப்போனன், குணலட்சுமி. மங்கல் கண்ணிலை எண்டு இப்பவெல்லே விளங்குது! என்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை!"

அந்த இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

குணலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, உது உங்கடை மருமகள் செய்த—"

கீர்த்திகா அவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கறுப்பு அப்பிய விரல்கள்.

"சொல்லிப்போடாதேங்கோ அக்கா," காதோடு காதாகச் சொன்னாள். "மினுக்கிற வாக்ஸ் எண்டு நினைச்சு மாமா ஆறு மாசமாய்த் தேய்ச்சது, பெயின்ற்றை அராவுற கொம்பவுண்ட். டின்னிலை இருந்த எழுத்து அப்ப அவருக்குத் தெரியேல்லை."