டயருக்கு வைக்கும் கல்

பசறை வீதியில், முனியாண்டி கோயில் வளைவில் அன்று காலை நின்றவர்கள் நான்கு பேர். பதுளையிலிருந்து வந்த சட்டத்தரணி அகீலா, பஸ் கண்டக்டர் ஷாஹ்மி, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் விஜயலெட்சுமியின் புருஷன் ஜெயகுமார், அவனுடைய அப்பா மாடசாமி.

முனியாண்டியையும் படியோரத்துச் சின்னச் சாமியையும் சேர்த்தால் ஆறு.

சேர்க்காமல் விட்டால் மாடசாமிக்குக் கோபம் வரும். மூன்று தலைமுறையாக அந்தக் கோயிலுக்கு விளக்குப் போடுவது அவருடைய குடும்பம்.

எழுபத்தெட்டு வயதாகியும் அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. வழக்கு என்று பேச்செடுத்ததற்கே மகனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். நம் வீட்டுப் பெயரைக் கோர்ட்டில் கூப்பிடுவதா? மருமகள் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தானும் புறப்பட்டு வந்தார்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

ஏற்றத்தில் வரும் பஸ் கோயிலடியில் நிற்கும். கண்டக்டர் குதித்து இறங்கி, பின் டயருக்கு அணை கொடுப்பான். உண்டியலில் காசு போடுவான். டிரைவருக்குத் திருநீறு எடுத்துக்கொண்டு, அணையைத் திரும்பப் படியோரம் ஒதுக்கி வைத்துவிட்டு ஏறுவான். முன்பெல்லாம் அணைக்கு ஒரு மரக்கட்டை இருந்தது. அது பிளந்துபோய், இரண்டு மாதமாக ஒரு கல். கண்டக்டர் எந்த மதத்துக்காரனானாலும் அந்த வீதியில் இதுதான் வழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை மட்டும் அணை இல்லை. பஸ் நான்கு முழம் பின்னால் உருண்டது. இறங்கிப் பின்பக்கமாக நடந்த விஜயலெட்சுமி அகப்பட்டுக்கொண்டாள்.

ஷாஹ்மி போன் பேசிக்கொண்டே கல்லை மறந்துவிட்டான் என்று தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு பேச்சு. பொலிஸில் அவனும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தான். அது நிலைத்தால் அவனுக்கு லைசன் போகும். உள்ளேயும் போக வேண்டி வரலாம்.

ஜெயகுமார் போடவிருக்கும் நட்டஈட்டு வழக்குக்கு அந்த ஒரு வார்த்தையே போதும். அகீலாவுக்குத்தான் போதவில்லை.

மூன்று வருஷமாக, நாளுக்கு நான்கு தடவை, ஒரு தடவையும் தவறாதவன். அன்றைக்கு அவன் இறங்கிக் குனிந்ததைப் பின் சீட்டிலிருந்த ஒருத்தி பார்த்திருக்கிறாள். குனிந்தவன் வெறுங்கையோடு நிமிர்ந்தானாம்.

குனிந்த பிறகு ஒருவன் எதை மறப்பான்?

அகீலா குடை நுனியால் வீதியோரக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தனமும் குங்குமமும் செவ்வரத்தம்பூவுமாக இருந்த சின்னச் சாமியின் மேல் சேலை படாமல் ஒதுங்கி, கோயிலின் பின்புறமும் போய் வந்தாள்.

“இன்னும் என்னத்த மிஸ் தேடுறீங்க? அவன்தான் ஒத்துக்கிட்டானே,” என்றான் ஜெயகுமார்.

“அந்தக் கல்ல.”

மாடசாமிக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. ஒரு கல் எங்கே போகும்? வீதி வேலைக்காரர்கள் எடுத்திருப்பார்களோ? கைத்தடியால் தேயிலைத் தூர்களை விலக்கிப் பார்த்தார். மகனும் தேடினான்.

ஷாஹ்மி மட்டும் தேடவில்லை. கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்தது முதல் நின்ற இடத்திலேயே நின்றான்.

“ஒரு பக்கம் தட்டையாம் ஐயா. டயர் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருக்குமாம். டிரைவர் சொன்னாரு,” என்றாள் அகீலா.

கைத்தடி நின்றது.

கண் ஆப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் கோயில் பக்கம் வராமலிருந்து, போன திங்கட்கிழமை மாலைதான் அவர் வந்திருந்தார். புதுக் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தும் ஒரு கறுப்பு மட்டும் போகவில்லை. எத்தனை தலைமுறை விளக்கெண்ணெயோ என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. பாட்டன் காலத்துச் சாமி வெளியே வந்திருக்கிறது என்று அன்று லயத்தில் நான்கு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை.

“தம்பி, நீ ஏன் தேடல?”

ஷாஹ்மி திரும்பவில்லை. “நான் மறந்துட்டேன்னுதானே ஐயா சொல்றேன்,” என்றான் நிலத்தைப் பார்த்து. “அதோட விட்டுருங்களேன்.”

ஜெயகுமாருக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் முழங்கையைப் பிடித்தான். “அப்பா, வாங்க. பஸ் வருது.”

பஸ் எதுவும் வரவில்லை.

மாடசாமி கையை விடுவித்துக்கொண்டார். படியருகே போய், வேட்டி சேற்றில் படக் குனிந்தார். பூவை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு கையாலும் சின்னச் சாமியைப் புரட்டினார்.

அடிப்பக்கம் தட்டையாக இருந்தது. கறுப்பாக இருந்தது.

“எழுதிக்கங்க மிஸ். இந்தப் புள்ள போன் பேசல. மறக்கவும் இல்ல. கல்லு இங்கதான் இருந்துச்சு. பொட்டு வெச்சது நான்.”