வல்லூறின் கால்மணி

“மணி மறுபடியும் விழுந்துடுச்சு போல” என்றார் தாஹர்.

தக்காளித் தோட்டத்து வாய்க்காலை ஒட்டிய புதர்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அவர் கையிலிருந்து கிளம்பிய வல்லூறு, ஒரு காடையைத் துரத்திக்கொண்டு அங்கேதான் எங்கோ இறங்கியிருந்தது. மூச்சை அடக்கிக் கேட்டார். காற்றும் தூரத்துக் கடலும்தான் கேட்டன. கால்மணிச் சத்தம் இல்லை.

“இந்த வாரத்துல இது அஞ்சாவது தடவை மச்சான்” என்றான் அவர் மனைவியின் தம்பி மொன்ஜி. “நாப்பது வருஷமா வலை பின்னினீங்களே, உங்க முடிச்சைப் பாத்து மீனெல்லாம் சிரிச்சுக்கிட்டே போயிருக்கும்.”

“வாயை மூடு. கேக்க விடு.”

முழங்கால் வலி வந்து தாஹர் படகை விற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இந்தக் கடலோர ஊரான எல் ஹவாரியாவில் அவருக்கென்று மிச்சம் இருப்பது வசந்தத்தில் வரும் இந்த ஆறு வாரக் காடை வேட்டைதான். மலையில் வலை வைத்துப் பிடிக்கும் வல்லூறை, காடைகள் கடல் தாண்டிப் போனதும் விட்டுவிட வேண்டும். இரையோடு புதருக்குள் உட்கார்ந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அந்தச் சுண்டைக்காய் அளவு மணியை விட்டால் வழியில்லை. கொஞ்சம் தாமதித்தால் நரி முந்திக்கொள்ளும்.

முதல் தடவை மணி விழுந்தபோது, தோல்வார் இற்றுப்போயிருக்கும் என்று மாற்றினார். அடுத்த தடவை, புல்லில் கிடந்தாலும் கண்ணில் படட்டும் என்று சிவப்புக் கம்பளி நூலைச் சேர்த்துக் கட்டினார்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா” என்றான் மொன்ஜி.

அன்றைக்கும் சத்தம் இல்லை. தாஹரால் புதருக்குள் குனிந்து போக முடியாது. ஒவ்வொரு தடவையும் மொன்ஜிதான் போனான். ஒரு கையில் வல்லூறும் மறு கையில் மணியுமாகத் திரும்பி வந்தான்.

“உனக்கு மட்டும் எப்படிடா கிடைக்குது?”

“நீங்க ஆகாசத்தைப் பாக்குறீங்க. நான் தரையைப் பாக்குறேன்.”

நேற்றுச் சாயங்காலம் தாஹர் தூண்டில் நரம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு முடிச்சுப் போட்டு, மேலே மெழுகும் விட்டார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். நன்றாகவே அடித்தது.

“என் கம்மலைக்கூட நீங்க இவ்வளவு பத்திரமா பாத்ததில்ல” என்றாள் அவர் மனைவி ஸக்கியா.

அந்த மணிதான் இப்போது கேட்கவில்லை.

தாஹர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் கை போயிடுச்சு மொன்ஜி.”

“கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேத்து சோத்துல மீன் துண்டைத் தேடி எடுத்தப்போ பாத்தேனே, என்னா வேகம்.”

தாஹர் கைகளை மடக்கிக்கொண்டார்.

“இன்னைக்கும் விழுந்திருந்தா இவளை இங்கேயே விட்டுடறேன். இனிமே மலைக்கும் வர மாட்டேன். ஒரு மணியைக் கட்டத் தெரியாதவனுக்கு வேட்டை எதுக்கு?”

“இன்னும் மூணு வாரம் இருக்கே மச்சான்.”

“விட்டுடறேன்னா விட்டுடறேன்தான். நீ போய்ப் பாரு.”

மொன்ஜி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டான். வாய்க்காலைத் தாண்டி, புதருக்குள் குனிந்து நுழைந்தான்.

நேரமாயிற்று. வழக்கமாக இவ்வளவு நேரம் ஆவதில்லை. தாஹர் வல்லூறின் கால்வாரை அறுக்கச் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். வைத்த பிறகு அதைப் பார்க்கப் பிடிக்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மச்சான், கையை நீட்டுங்க.”

நிமிர்ந்தார். மொன்ஜியின் முகமெல்லாம் முள் கீறல். அவன் கையில் வல்லூறு. அதன் காலில், சிவப்பு நூலோடு, மணி.

“விழலையா?”

“எங்க விழறது? நாலு முடிச்சும் அப்படியே இருக்கு. இழுத்துப் பாருங்க.”

தாஹர் இழுத்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை.

“அப்போ சத்தம் ஏன் வரல?”

“மணியோட வாயைப் பாருங்க, சேறு. காடையோட வாய்க்கால்ல புரண்டிருப்பா. அடைச்சிக்கிட்டா எப்படி அடிக்கும்?”

தாஹர் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“இந்த முடிச்சுல சூரை மீனையே தொங்க விடலாம்டா.”

“விடலாம், விடலாம். நடங்க, பசிக்குது.”

“நாளைக்கு வெள்ளனவே வந்துடு. உங்க அக்காகிட்ட முடிச்சு பிரியலைன்னு நீயே உன் வாயால சொல்லணும்.”

“சொல்றேன். அதுக்காக இன்னும் நாலு முடிச்சு போட்டுடாதீங்க. பறவை பாரம் தாங்காம நடந்துதான் வேட்டைக்கு வரணும்.”

தாஹர் வல்லூறை வாங்கிக் கையில் ஏற்றிக்கொண்டு, முழங்காலை மறந்தவர்போல வரப்பில் முன்னால் நடந்தார்.

பின்னால் வந்த மொன்ஜி, கட்டைவிரலில் ஒட்டியிருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். தாஹர் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவன் உள்ளே போய்ச் சேற்றை அள்ளி மணியின் வாயில் திணிக்கும்வரை, அது மொன்ஜியின் காதில் ஓயாமல் அடித்துக்கொண்டேதான் இருந்தது. முந்தைய நாலு தடவையும் அவன் அவிழ்த்து எடுக்கும்வரை அடித்துக்கொண்டிருந்ததைப் போலவே.