கல்யாணக் கார்

சாவியைத் திருகத் திருக எஞ்சின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. பெண் வீடு இருக்கும் கிண்ணியாவுக்குப் படகு போய்விட்டால் நிக்காஹ் தவறிவிடும். மாப்பிள்ளை நசீர் பின் சீட்டில் இருந்தான்.

வேறு மெக்கானிக் கிடைக்காததால், அவனுடைய வாப்பா தாஹிர் ஜென்மப் பகையாளியான பக்கத்து வீட்டுக் காசிமையே கூப்பிட்டார்.

“பெற்றோல் வருகுது, நெருப்புப் பொறிதான் இல்ல,” என்ற காசிம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். “உள்ளுக்குப் பொறியைக் கடத்துற ரோட்டரைக் காணல்ல. ஆரோ கழட்டியிருக்கான்.”

“வேற ஆர், நீதான். என்ட மகன்ட கலியாணம் உனக்குப் பொறுக்காது.”

“உன்ட மகன் எனக்கென்னத்துக்கு? அவன் இந்தத் தெருவை விட்டுக் கெதியாப் போனாப் போதும்.”

காசிம் தன் காரின் ரோட்டரையே கழற்றி வந்து பூட்டினார். எஞ்சின் பிடித்தது.

நசீர் வேலிப்பக்கம் திரும்பினான். காசிமின் மகள் அசனா அங்கே நின்றாள். விடியற்கால சுபஹுத் தொழுகைக்கு முன் அவன் கழற்றி, ஒளித்துவைக்கக் கொடுத்த ரோட்டரை முந்தானைக்குள் பொத்தியபடி, தன் வாப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.